வாக்காளர் தியன்சோ இன்னும் வரவில்லை

கிம்சூ தீவில் ஜனாதிபதி தேர்தல் வந்தால் வாக்களிக்காமல் இருப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் கோ தியன்சோ. கணவாய் மீன் பிடிக்கப் படகை எடுத்துக்கொண்டு போனவர், பதினோரு வருஷமாகத் திரும்பி வரவில்லை. மற்றபடி நல்ல மனிதர்.

படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. இப்படிக் காணாமல் போனவர்களுக்காக மனைவி கோர்ட்டில் மனுப் போட்டால், ஏழு வருஷம் கழித்து இறந்தவர் என்று எழுதிக் கொடுப்பார்கள். அவர் மனைவி சோஹூன் மனுப் போடவில்லை. கடலில் போனவரின் சட்டையை மூங்கிலில் கட்டி, அலையோரம் நின்று மூன்று தடவை பெயர் சொல்லி "வீட்டுக்கு வந்துரு" என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆவி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கரையேறும். அப்புறம் கருமம் செய்து அனுப்பி வைப்பார்கள். சோஹூன் அதையும் செய்யவில்லை.

"உசுரோட இருக்கறவரை யாராவது அப்படிக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்பாள்.

கூப்பிட்டுவிட்டால் தியன்சோ செத்துப்போவார். கூப்பிடாதவரை, கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

துறைமுகத்தில் சோஹூனின் கஞ்சிக் கடை. கதவோரம் தியன்சோவின் மழைக்கோட்டு மாட்டியிருக்கும். மழையே பெய்யாத நாளிலும் அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டும். சோஹூன் கீழே ஒரு வாளி வைத்திருந்தாள். மூடுபனி இறங்கும் நாட்களில் கடலுக்குள்ளிருந்து ஒரு படகின் எஞ்சின் சத்தம் கேட்கும். தக்-தக்-தக், ஒரு விடுதல், மறுபடி தக். அந்த எஞ்சின் யாருடையது என்று தீவில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சத்தம் கேட்டதும் கடையில் இருப்பவர்கள் குரலை உயர்த்தி மீன் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். சத்தம் கரைக்கு வராமல், தூரத்திலேயே சுற்றிவிட்டுப் போய்விடும். கூப்பிடாத வீட்டுக்குள் அவர் எப்படி வருவார்?

ஆனால் வாக்காளர் பட்டியலில் தியன்சோ நல்ல சௌக்கியமாக இருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் பெயருக்கு வாக்குச்சாவடி அறிவிப்பு வந்தது.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, 'முழு வாக்குப்பதிவு ஊக்குவிப்புப் பிரிவு' என்று ஒன்றை மாவட்டத்தில் தொடங்கும்வரை. எல்லாரும் வாக்களித்த தீவுக்கு ஒரு பட்டுக்கொடி. கொடியோடு படகுத்துறைக்கு விளக்குகள். எதிரே இருக்கும் ஆக்கே தீவில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். ஆனால் கொடி இரண்டு தடவை அவர்களுக்குத்தான் போயிற்று. எங்கள் படகுகள் அவர்கள் துறையைத் தாண்டிப் போகும்போது வேண்டுமென்றே விளக்கைப் போட்டு அணைத்துக் காட்டுவார்கள். அது கூடப் பொறுக்கலாம். சிரிப்பார்கள்.

தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பிரிவின் துணை இயக்குநர் யாங் நேரில் வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, வடகிழக்குக் காற்றுக்குக் கலையாத தலைமுடி. அவரைக் கூட்டிக்கொண்டு ஊர்த்தலைவர் பான்திக்கும், கோயில் கமிட்டித் தலைவர் கிம்போக்கும் கஞ்சிக் கடைக்குள் நுழைந்தார்கள்.

"அக்கா, ஐயா பெரிய எடத்துலேர்ந்து வந்திருக்காரு" என்றார் பான்திக்.

"கஞ்சி வேணுமா?" என்றாள் சோஹூன்.

"ஜனநாயகம் வேணும்" என்றார் யாங். பிறகு கஞ்சியையும் வாங்கிக்கொண்டார். உட்கார இடம் தேடி, கதவோரம் காலியாக இருந்த முக்காலியை இழுத்தார்.

"அது வேண்டாம் சார்" என்றார் பான்திக் அவசரமாக.

"ஏன், ஆள் இருக்கா?"

பான்திக் முக்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தார். யாங் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"அம்மா, எங்க பிரிவுல மக்களை மூணு வகையாப் பிரிச்சிருக்கோம். ஓட்டுப் போட்டவங்க. ஓட்டுப் போடறதில்லைன்னு முடிவெடுத்தவங்க. முடிவே எடுக்காதவங்க. முதல் ரெண்டு வகையும் எங்க கணக்குல பூர்த்தி. மூணாவது வகைதான் ஜனநாயகத்தைக் கரையான் மாதிரி அரிக்குது. உங்க வீட்டுக்காரர் மூணாவது வகை."

"அவரு கடல்ல இருக்காரு."

"எங்க இருக்கார்ங்கறது எங்க பிரிவுக்கு வராது. அது வசிப்பிடப் பிரிவு. அவர் முடிவெடுத்துட்டாரா இல்லையாங்கறதுதான் எங்க கவலை."

"யாருக்குப் போடறதுன்னு முடிவெடுக்கணுமா?"

யாங் கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு ஒளி வந்தது. "யாருக்குங்கறதை நாங்க கேட்கவே மாட்டோம். அது சட்டவிரோதம். உண்மையைச் சொல்லணும்னா அதுல எங்களுக்கு ஆர்வமும் கிடையாது. யார் ஜெயிச்சாலும் எங்க பிரிவு இருக்கும். எத்தனை பேர் வந்தாங்கங்கறதுதான் விஷயம். தலைவர் வருவார், போவார் அம்மா. சதவீதம் நிக்கும்."

"அவரை எப்படிங்க கேக்கறது?"

இதற்காகவே காத்திருந்தவர்போல் கோயில் தலைவர் கிம்போக் தொண்டையைக் கனைத்தார். "அதுக்குத்தான் கட்டை இருக்கே, தங்கச்சி."

சாமியிடம் கேள்வி கேட்கும் சிவப்புப் பிறைக்கட்டைகளைச் சொன்னார். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. இரண்டைப் போட்டு, ஒன்று தட்டையாகவும் ஒன்று மேடாகவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் மேடு என்றால் இல்லை. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறது, கேள்வியை ஒழுங்காகக் கேள் என்று அர்த்தம்.

"அரசுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனா 'உள்ளூர்க் கலாசாரம்'னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல எழுதிக்கலாம்" என்றார் யாங்.

சோஹூன் கரண்டியைப் பானையில் போட்டாள். "கட்டை போட்டுக் கேக்கறது சாமிகிட்ட. இல்லாட்டி செத்தவங்ககிட்ட. எங்க வீட்டுக்காரர் சாமியா?"

மூவரும் யாங் கீழே வைத்த கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

"கூப்பிட்டாத்தான் செத்தவரு. நீ கூப்பிட வேண்டாம்மா. சும்மா பக்கத்துல நில்லு" என்றார் கிம்போக், சமாதானமாக.

மழைக்கோட்டிலிருந்து ஒரு சொட்டு வாளியில் விழுந்தது. யாங் கூரையை அண்ணாந்து பார்த்து, "ஒழுகுதா?" என்றார்.

சோஹூனுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாருக்குப் போடுவது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றாம் எண்காரர் அக்கரைப் பெருநாட்டோடு பேச வேண்டும் என்றார். இரண்டாம் எண்காரர் பேசக்கூடாது என்றார். மூன்றாம் எண்காரர் பேசலாமா வேண்டாமா என்பதைப் பற்றி முதலில் பேசலாம் என்றார். தியன்சோ இருந்த காலத்தில், தேர்தலுக்கு முந்தின நாள் இரவு சாப்பிடும்போது கேட்பாள். "உனக்குத் தோணறவருக்குப் போடு" என்பார். "நீ யாருக்கு?" என்றால் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுச் சிரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தேர்தலிலாவது சொன்னதில்லை. அவர் ஒவ்வொரு தேர்தலிலும் எதையோ பார்த்துத் தீர்மானிக்கிறார், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் தானும் தீர்மானித்துவிடலாம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவர் போனபிறகு ஒவ்வொரு தடவையும் ஆகக் கடைசியாகச் சாவடிக்குப் போவாள். மறைப்புக்குள் ரொம்ப நேரம் நிற்பாள். ஏதோ ஒரு கட்டத்தில் முத்திரையை வைத்துவிட்டு, திருடியவள் மாதிரி வெளியே வருவாள்.

மாவட்டத்திலிருந்து முதலில் ஓர் ஆட்சேபம் வந்தது. வாக்காளரிடம் முடிவைக் கேட்பதற்கு முன் மூன்று வேட்பாளர்களின் கொள்கைகளையும் அவருக்குச் சமமாகத் தெரியப்படுத்த வேண்டுமாம். எனவே ஊர்த்தலைவர் பான்திக் அலைதடுப்புச் சுவரின் மேல் ஏறி, ஒலிபெருக்கியைக் கடலை நோக்கித் திருப்பி வைத்து, தேர்தல் அறிக்கைகளைப் படித்தார். ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு நேரம். இரண்டாம் எண்ணின் நேரத்தில் காற்று கூடுதலாக வீசியதால், அவருக்காக மறுநாள் மறுபடி படிக்க வேண்டியதாயிற்று.

இது தெரிந்ததும் மூன்று கட்சிக்காரர்களும் வேன் கட்டிக்கொண்டு படகேறி வந்துவிட்டார்கள். கடலைப் பார்த்து வாக்குச் சேகரித்தார்கள். ஒன்றாம் எண்ணின் ஆள், "கடலடி வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தார். இரண்டாம் எண்ணின் ஆள், தன் தலைவர் ஆட்சிக்கு வந்தால் ஆவிகளுக்கு எரிக்கும் காகிதப் பணத்தின் தரம் உயரும் என்றார். மூன்றாம் எண்ணின் ஆள் வாக்குறுதி ஒன்றும் தராமல், நிமிஷக்கணக்காகக் குனிந்து நின்றுவிட்டுப் போனார். அவருக்குத்தான் நல்ல வரவேற்பு. அலை அவர் செருப்பை எடுத்துக்கொண்டு போயிற்று.

தீவின் வடக்கு முனையில், கரையொதுங்கிய பெயர் தெரியாத எலும்புகளை வைத்துக் கும்பிடும் சின்னக் கோயில் ஒன்று உண்டு. இந்தப் பேச்சுகளுக்குப் பிறகு அந்தப் பக்கம் சாயங்காலங்களில் கூட்டம் கூடுவதுபோல் முணுமுணுப்புக் கேட்கிறதென்று வலை உலர்த்துபவர்கள் வந்து சொன்னார்கள்.

யாங் அதையும் விசாரித்தார். "அவங்க பெயர் பட்டியல்ல இருக்கா?"

"பெயரே இல்லாதவங்க சார்."

"பதிவு இல்லாதவங்க அமைதியா இருக்கணும்னு சொல்லிடுங்க."

பான்திக் ஒலிபெருக்கியில் சொன்னார். முணுமுணுப்பு நின்றுவிட்டது. எங்கள் தீவின் ஆவிகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை.

கட்டை போடும் நாளன்று, தண்ணீர் வடிந்த மதியத்தில் ஊரே கரைக்கு வந்தது. தியன்சோவின் சட்டையைக் கேட்டதற்குச் சோஹூன் கொடுக்கவில்லை. ஆனால் வந்தாள், தள்ளி நின்றாள். கிம்போக் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஈர மணலில் மண்டியிட்டார்.

"தம்பி தியன்சோ! ஓட்டுப் போடற எண்ணம் உனக்கு உண்டா?"

கட்டைகளைப் போட்டார். இரண்டும் மணலில் குத்திக்கொண்டு செங்குத்தாக நின்றன.

மறுபடி போட்டார். மறுபடி நின்றன. யாங் மணல் இளகியிருப்பதாகச் சொல்லி ஒரு பலகையைக் கொண்டுவரச் சொன்னார். பலகையின்மேல் போட்டார்கள். கட்டைகள் உருண்டு, ஆடி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, இரண்டு கிழவர்கள் முதுகோடு முதுகு கொடுத்து உட்கார்ந்ததுபோல் நின்றன. காற்று அடித்தும் அசையவில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் யாங்.

"ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல" என்றார் கிம்போக். அவர் உதடு காய்ந்திருந்தது. "சிரிக்கவும் இல்ல."

"அப்ப என்னதான் பண்றார்?"

"யோசிக்கறாரு சார்" என்றார் பான்திக்.

சோஹூன் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். "அவரு எப்பவும் அப்படித்தான். கடைசி நிமிஷம்வரைக்கும் இழுப்பாரு."

சொன்னபிறகுதான், எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. பலகையில் நிற்பது யாரென்று அவள் வாயாலேயே சொல்லியாயிற்று. சிரிப்பு அவள் முகத்திலேயே விறைத்துப்போனது. யாரிடமும் பேசாமல் கடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாங் தன் குறிப்பில் 'ஆலோசனையில் உள்ளார்' என்று எழுதிக்கொண்டார்.

தேர்தல் நாளன்று பனி துறைமுகம்வரை இறங்கியிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் முதல் படகிலேயே வந்து பள்ளிக்கூடத்தில் வாக்களித்துவிட்டார்கள். படுக்கையில் கிடந்தவர்களை மீன் வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டியலில் மிச்சம் இரண்டே பெயர்: சோஹூன், தியன்சோ.

நான்கு மணிக்குச் சாவடி மூட வேண்டும். யாங் நிலைகொள்ளாமல் நடந்தார்.

"கூப்பிடுங்க" என்றார் பான்திக்கிடம்.

"யாரை சார்?"

"ரெண்டு பேரையும்தான். ஞாபகப்படுத்தறது நம்ம கடமை."

ஒலிபெருக்கி கரகரத்தது. "சோஹூன் அக்கா, சாவடிக்கு வந்துரு. கோ தியன்சோ, சாவடிக்கு வந்துரு."

கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சோஹூன் நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. "கோ தியன்சோ, வந்துரு." தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் ஈரக் கையோடு ஓடினாள்.

பள்ளிக்கூடத்து வாசலை அவள் மிதிக்கும்போது பான்திக் மைக்கைக் கீழே வைத்திருந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"மூணாவது தடவை வேண்டாம் சார்."

"ஏன்?"

"கூப்பிட்டா வந்துருவான்."

"அதுக்குத்தானே ஐயா கூப்பிடறோம்!" என்று கத்தினார் யாங்.

"கூப்பிடாதீங்க!" என்று சோஹூன் வாசலிலிருந்து அலறினாள். "உங்க காலைப் பிடிக்கறேன், அவரைக் கூப்பிடாதீங்க!"

யாங் மைக்கை எடுத்தார். அவர் குரல் அரசுக் குரல். பனியைக் கிழித்துக்கொண்டு போயிற்று. "கிம்சூ தீவின் நிரந்தரவாசியும் பதிவு பெற்ற வாக்காளருமான திரு. கோ தியன்சோ அவர்கள், எங்கிருந்தாலும், தமது சொந்த ஊருக்கு உடனே திரும்பி வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

பதினோரு வருஷமாக ஒருத்தி சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்த வார்த்தையை அரசாங்கம் முறைப்படி சொல்லிவிட்டது.

காற்று நின்றது. எங்கள் தீவில் ஜனவரியில் காற்று நிற்காது. அது நின்றதும் எல்லாருக்கும் காது அடைத்துப்போனது. அப்புறம் கேட்டது. தக்-தக்-தக், ஒரு விடுதல், மறுபடி தக். இந்த முறை யாரும் மீன் விலை பேசவில்லை. சத்தம் கிட்டே வந்தது. துறையில் நின்றது.

பள்ளிக்கூடத்துக் கதவு திறந்தது. உப்பும் கணவாய் மையும் கலந்த வாடை உள்ளே வந்தது. சிமெண்டுத் தரையில் ஈரத்தடம் ஒன்று விழுந்தது, அடுத்து இன்னொன்று. சீட்டு வழங்கும் மேசையில் இருந்த டீச்சர் அம்மாளின் கை, அவளைக் கேட்காமலே, ஒரு வாக்குச்சீட்டை நீட்டியது. சீட்டு அவள் விரல்களை விட்டுப் போயிற்று.

யாங் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு பயிற்சி அவரைக் காப்பாற்றியது. "யாரும் பார்க்கக் கூடாது!" என்று கிசுகிசுத்தார். "ரகசிய வாக்கெடுப்பு!" என்று சொல்லி, தானே முதலில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர் கண்ணையும் மூடிக்கொண்டார்.

சோஹூன் திரும்பவில்லை. மறைப்பின் துணிக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. நங்கூரம் விழுந்து கறுத்துப்போன கட்டைவிரல் நகம். அவளுக்கு அடையாளம் தேவைப்படவில்லை. அவள் பார்த்தது வேறு. அந்தக் கால்கள் கொஞ்சமும் மாறியிருக்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டாள். நரம்பு புடைத்து, பித்தவெடிப்பு ஓடி, கிழவியின் கால். அவருடையது பதினோரு வருஷத்துக்கு முந்தின கால். வயசு ஏறவில்லை.

இத்தனை வருஷம் யாரும் எடுத்துச் சொல்லிப் புரியாதது அப்போது அவளுக்குப் புரிந்தது.

"யாருக்குய்யா போடப் போற?" என்றாள் மெதுவாக.

துணிக்குப் பின்னால், முள்ளை எடுத்துத் தட்டோரம் வைக்கும்போது வருகிற அந்தச் சின்னச் சிரிப்பு. முத்திரை சீட்டில் பதியும் சத்தம். ஈரத்தடங்கள் வாக்குப்பெட்டிக்குப் போயின, வாசலுக்குப் போயின. எஞ்சின் கிளம்பியது. ஆனால் தூரமாகப் போகவில்லை. துறைக்கு வெளியே, கூப்பிட்டவர்கள் அனுப்பி வைப்பதற்காகக் காத்திருக்கிற மாதிரி, சுற்றிச் சுற்றி வந்தது.

காற்று மறுபடி வீசியது. சோஹூன் தன் சீட்டை வாங்கிக்கொண்டு அதே மறைப்புக்குள் போனாள். தரை நனைந்திருந்தது, முத்திரையின் பிடி ஐஸாகக் குளிர்ந்தது. இந்த முறை அவள் நிற்கவில்லை. அவர் எதையும் பார்த்துத் தீர்மானித்திருக்க மாட்டார், அவருக்குத் தோன்றியவருக்குப் போட்டுவிட்டுப் போயிருப்பார் என்று பட்டது. தனக்குத் தோன்றியவருக்குப் போட்டாள். மடித்தாள். வெளியே வந்தாள். யாருக்கு என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான்கு மணிக்கு எண்ணத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி, எண்ணை உரக்கச் சொல்லி, சுவர்த்தாளில் கோடு போட்டார்கள். நடுவில் ஒரு சீட்டு சொட்டச் சொட்ட வந்தது. எண்ணுபவர் யாங்கைப் பார்த்தார்.

"ஈரம் செல்லாத வாக்குக்குக் காரணமாகாது" என்றார் யாங். "படிங்க."

முப்பது வருஷம் கேட்டும் கிடைக்காத பதில் வரப்போகிறது. சோஹூன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் கேட்காததை இங்கே எழுதுவது முறையல்ல.

எண்ணிக்கை முடிந்தது. பட்டியலில் எத்தனை பெயரோ அத்தனை வாக்கு.

யாங்குக்கு ஒரு சின்னச் சிக்கல் மிஞ்சியது. அதை அவர் ஒரு கோப்பை டீக்குள் தீர்த்துவிட்டார். "செத்தவர் ஓட்டுப் போட்டா குற்றம். காணாமப் போனவர் ஓட்டுப் போட்டா சாதனை. அதனால அவர் உயிரோட இருக்கார்" என்றார் அனைவரிடமும். சோஹூனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் அம்மா!"

"அவரு செத்துட்டாருங்க. நான் பார்த்தேன்."

"ரகசிய வாக்கெடுப்புல பார்த்தது சட்டவிரோதம். அதைச் சாட்சியா எடுத்துக்க முடியாது."

"நான் கோர்ட்டுல மனுப் போடறேன். இப்பப் போடறேன்."

"தாராளமாப் போடலாம். கடைசியா உயிரோட இருந்ததாத் தெரிஞ்ச நாள்லேர்ந்து ஏழு வருஷம். அந்த நாள் இன்னைக்கு." யாங் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "அதுக்குள்ள அடுத்த தேர்தல் வந்துரும். அதுலயும் அவர் ஓட்டுப் போட்டுட்டா, அங்கேர்ந்து ஏழு வருஷம்."

சோஹூன் கோயிலுக்குப் போனாள். "கருமம் பண்ணணும் கிம்போக் அண்ணே. வந்தவரு தொறையிலயே சுத்திக்கிட்டு நிக்கறாரு. சத்தம் கேக்கலியா? ராத்திரி பகல்னு இல்லாம..."

"கேக்குது தங்கச்சி. தூக்கமே இல்ல." கிம்போக் அவள் முகத்தைப் பார்க்காமல் விளக்கில் எண்ணெய் ஊற்றினார். "ஆனா உசுரோட இருக்கற வாக்காளருக்குக் கருமம் பண்ணினா கொடி போயிரும். கொடி போனா விளக்கும் போயிரும். ஊர் என்னைச் சும்மா விடுமா, சொல்லு."

எஞ்சின் நிற்கவில்லை. வெயில் அடித்த நாளிலும் சுற்றியது. நாய்கள் கடல் பக்கம் போக மறுத்தன. கூப்பிட்டுவிட்டு அனுப்பாமல் வைத்திருக்கும் விருந்தாளி அவர். சோஹூன் கதவோரம் இருந்த அவர் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணைக்கூட மூடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கொடி வழங்கும் விழாவைத் துறைமுகத்திலேயே வைத்தார்கள். பந்தல், நாற்காலிகள், ஆக்கே தீவிலிருந்து பொறாமைப்படுவதற்காகச் சிலர். வாத்தியத்துக்கு எங்கள் தீவில் ஒரே குழுதான்: ஆ-லியென் அம்மாளும் அவள் மூன்று நாத்தனார்களும். வெள்ளை உடுப்பு, ட்ரம்பெட், டிரம். சாவு வீட்டுக்கு வாசிப்பவர்கள். தேசியகீதத்தைப் பாதிவரை வாசித்தார்கள், மீதி பழக்கமில்லை.

யாங் மேடையில் பட்டுக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "சில பேர் கேக்கறாங்க, புதுசா வந்திருக்கற ஜனாதிபதி நல்லவரா கெட்டவரான்னு. நான் அவங்களுக்குச் சொல்றது ஒண்ணுதான்: கிம்சூவைப் பாருங்க. இங்க ஒரு வாக்காளர், புயல், தூரம், மத்த எந்த உடல்நிலைக் காரணத்தையும் பொருட்படுத்தாம வந்து வரிசையில நின்னார். அவரை மேடைக்கு அழைக்கிறேன். திரு. கோ தியன்சோ!"

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாத் தலைகளும் கடல் பக்கம் திரும்பின. எஞ்சின் சத்தம் கொஞ்சம் கிட்டே வந்தது.

சோஹூன் மேடையேறினாள். கையில் தியன்சோவின் சட்டை, மூங்கிலில் கட்டியது. மைக்கின் முன்னால் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் செத்துட்டாரு" என்றாள்.

யாங் மைக்கைக் கையால் மூடி, கனிவாகக் குனிந்தார். "அதைச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லையம்மா."

"சரிங்க" என்றாள் சோஹூன். மைக்கை அவரிடமே விட்டுவிட்டு மேடையின் ஓரத்துக்குப் போனாள். சட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"யோவ்! கேக்குதா? உன்னைக் கூப்பிட்டது நான் இல்ல. அனுப்பறது நான்தான். ஓட்டெல்லாம் போட்டாச்சு. இன்னும் என்னத்துக்குச் சுத்திக்கிட்டுக் கெடக்கற? எனக்கு ஒண்ணும் பயமில்ல. நீ போ. போய்ச் சேருய்யா."

முதலில் ஆ-லியென் அம்மாள்தான் எழுந்தாள். ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து, தனக்கு முழுசாகத் தெரிந்த ஒரே பாட்டை வாசிக்க ஆரம்பித்தாள். நாத்தனார்கள் சேர்ந்துகொண்டார்கள். கிம்போக் எழுந்தார், பான்திக் எழுந்தார், விளக்கை மறந்து ஊரே எழுந்து நின்றது. ஆக்கே தீவுக்காரர்களும் தொப்பியைக் கழற்றினார்கள்.

யாங் பதற்றத்தோடு பான்திக்கிடம் குனிந்து கேட்டார்: "இது என்ன பாட்டு?"

"மரியாதைப் பாட்டு சார்."

எல்லாரும் நிற்கும்போது அதிகாரி உட்காரக் கூடாது என்பது விதி. யாங் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றார். வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். இடது கை வலித்ததோ என்னவோ, பட்டுக்கொடி மெல்லத் தாழ்ந்து பாதியில் நின்றது. எஞ்சின் சத்தம் துறையை விட்டு விலகி, கோடு மாதிரி நேராக, தெற்கே போய்க்கொண்டிருந்தது. அது கேட்காமல் போகும்வரை ஆ-லியென் வாசித்தாள். அவள் நிறுத்தும்வரை யாங் கையை எடுக்கவில்லை.

கிம்சூவில் அரசு மரியாதையோடு எடுத்த முதல் சாவு அதுதான். அரசுக்குத்தான் தெரியாது.